புரூக்ளினில் ‘அடுத்த வருடம்’ வந்தபோது

“மாமா, அங்கே போய்ப் பார்க்க ஒன்றுமே இல்லை. வெறும் அடுக்குமாடி வீடுகள்தான்.”

கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள் அக்காள் மகள். எபெட்ஸ் ஃபீல்டு என்று தேடினால் உயரமான செங்கல் கட்டடங்களின் படங்கள்தான் வந்தன. அவள் ஜெர்சி சிட்டியில் தங்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் வேலை செய்கிறாள். நான் நியூயார்க் வந்து நான்கு நாளாகியிருந்தது. சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம், சென்ட்ரல் பார்க் எல்லாம் முடிந்துவிட்டன. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. “உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று சொல்லுங்கள்” என்று அவள்தான் கேட்டாள். இடித்துத் தள்ளி 60 வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒரு விளையாட்டரங்கத்தை நான் சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

எனக்குப் பேஸ்பால் ஆடத் தெரியாது. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியதோடு சரி. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ‘42’ என்ற ஆங்கிலப் படம் பார்த்தோம். 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆட வந்த ஜாக்கி ராபின்சனின் கதை அது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேல்மட்ட பேஸ்பால் லீக்குகளில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். படம் முடிந்ததும் பிள்ளைகள் தூங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்த அணியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்துக்கொண்டே போய் 1955ஆம் ஆண்டில் நின்றேன். அந்த வருடம் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என் அப்பா.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். எங்கள் தோட்டத்துக் காற்பந்து அணி பக்கத்துத் தோட்டத்து அணியிடம் வருடா வருடம் தோற்கும். ஒரே ஒரு வருடம் ஜெயித்தது. அந்த ஒரு வருடத்தைப் பற்றி அப்பா சாகும்வரை பேசினார். கோல் போட்டது யார், பந்து எந்தக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது, கிராணி எத்தனை டின் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. திடலும் இல்லை. ஒரு முறை பார்க்கப் போனபோது, புதிய வீடுகளின் முகப்பில் இருந்த காவலாளி “யார் வீட்டுக்கு?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

தோற்றே பழகிய ஊர்

ஜெர்சி சிட்டியிலிருந்து ரயிலில் மன்ஹாட்டன் போய், அங்கிருந்து ‘கியூ’ ரயில் பிடித்தோம். மன்ஹாட்டன் பாலத்தின் மேல் ரயில் ஏறும்போது பக்கத்தில் புகழ்பெற்ற புரூக்ளின் பாலம் தெரிகிறது. கேமராவை எடுங்கள், இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். பாலம் தாண்டியதும் ரயில் மறுபடி பூமிக்குள் போய்விடுகிறது. அந்த நேரத்தில்தான் அக்காள் மகளுக்கு முழுக் கதையையும் சொன்னேன்.

புரூக்ளின் 1898 வரை தனி நகரம். நியூயார்க்கோடு இணைந்த பிறகும் தனி ஊர் என்ற நினைப்பு அங்குள்ளவர்களுக்குப் போகவில்லை. 1950இல் அங்கே வாழ்ந்தவர்கள் 27 லட்சம் பேர். பெரும்பாலும் உழைக்கும் மக்கள். இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஓர் அணி. டாட்ஜர்ஸ் என்ற பெயரே, தெருவில் ஓடும் டிராம் வண்டிகளுக்குத் தப்பி ஓடுகிறவர்கள் என்று புரூக்ளின்காரர்களைக் கிண்டல் செய்து வந்ததுதான்.

அமெரிக்காவில் இரண்டு பெரிய லீக்குகள். அந்தக் காலத்தில் இரண்டிலும் முதலாவதாக வந்த அணிகள் பருவத்தின் இறுதியில் மோதியதற்கு வேர்ல்டு சீரீஸ் என்று பெயர். முதலில் 4 ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குப் பட்டம். டாட்ஜர்ஸ் 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 என்று 7 முறை அங்கே போனது. 7 முறையும் தோற்றது. அதிலும் கடைசி 5 தோல்விகளும் ஒரே அணியிடம். அதே நகரத்தின் பிராங்ஸ் பகுதியிலிருந்து வந்த, பணமும் புகழும் நிறைந்த, அதற்குள் 16 பட்டங்களை வாங்கிவிட்ட யாங்கீஸ்.

புரூக்ளின்காரர்கள் தங்கள் அணியை ‘உதவாக்கரைகள்’ என்று செல்லமாகத் திட்டுவார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்பார்கள். அதுவே அந்த ஊரின் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

“நம் ஊர்க் காற்பந்து ரசிகர்கள் மாதிரி” என்றாள் அக்காள் மகள். நான் மறுக்கவில்லை.

1955

அந்த வருடம் டாட்ஜர்ஸ் முதல் 10 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தது. முதல் 24 ஆட்டங்களில் 22 வெற்றி. செப்டம்பர் 8ஆம் தேதியே லீக் முதலிடம் உறுதியாகிவிட்டது. டியூக் ஸ்னைடர் 42 ஹோம் ரன் அடித்தார். கேட்சர் ராய் கேம்பனெல்லாவுக்கு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்றாம் முறையாகக் கிடைத்தது. பந்து வீசிய டான் நியூகோம்புக்கு 20 வெற்றி. கேம்பனெல்லா, நியூகோம்ப் இருவரும் ராபின்சன் திறந்த கதவின் வழியே வந்த கறுப்பின வீரர்கள்.

ராபின்சனுக்கு அப்போது வயது 36. கால்கள் தளர்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் சீரீஸின் முதல் ஆட்டத்தில் மூன்றாம் பேஸில் நின்றவர், பிட்சர் பந்தை வீசத் தொடங்கியதும் ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி, சறுக்கி, ரன் எடுத்துவிட்டார். கேட்சர் யோகி பெர்ரா அவர் அவுட் என்று நடுவரிடம் குதித்தார். அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் தோற்றது. இரண்டாவதிலும் தோற்றது. ஊர் பெருமூச்சு விட்டது. சொந்த மண்ணான எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த அடுத்த மூன்றையும் ஜெயித்தார்கள். ஆறாவதில் தோல்வி. எல்லாம் ஏழாவது ஆட்டத்தில் வந்து நின்றது.

அக்டோபர் 4, யாங்கீஸ் அரங்கம். 62 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். டாட்ஜர்ஸுக்குப் பந்து வீச வந்தவர் ஜானி போட்ரஸ். 23 வயது முடிந்து நான்கே நாள். அடிபட்டிருந்ததால் ராபின்சன் ஆடவில்லை. கில் ஹாட்ஜஸ் புண்ணியத்தில் டாட்ஜர்ஸ் 2–0 என்று முன்னால் இருந்தது.

ஆறாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் இரண்டு பேரை பேஸில் நிறுத்திவிட்டது. ஒருவரும் அவுட் இல்லை. அடிக்க வந்தவர் அதே யோகி பெர்ரா. இடக்கை ஆட்டக்காரரான அவர் எப்போதும் வலப்பக்கம்தான் அடிப்பார் என்று டாட்ஜர்ஸ் வீரர்கள் அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றார்கள். அவர் அடித்த பந்து இடப்பக்க ஓரக்கோட்டை நோக்கி உயர்ந்தது. அங்கே ஆளில்லை. அந்த இன்னிங்ஸில்தான் இடது மூலைக்கு அனுப்பப்பட்டிருந்த கியூபா நாட்டவர் சாண்டி அமோரோஸ் வெகு தூரத்திலிருந்து ஓடி வந்தார். அவர் இடக்கையால் எறிபவர். அதனால் கையுறை வலக்கையில். ஓடிய வேகத்தில் வலக்கையை நீட்ட, வேலிக்கு அருகே பந்து அதில் விழுந்தது. கையுறை இடக்கையில் இருந்திருந்தால் எட்டியிருக்காது என்பார்கள். பிடித்த பந்தை அவர் உடனே பீ வீ ரீஸுக்கு எறிய, ரீஸ் அதை ஹாட்ஜஸுக்கு எறிய, பேஸை விட்டு ஓடிவிட்ட இன்னோர் ஆட்டக்காரரும் அவுட்.

அதன் பிறகு யாங்கீஸால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. கடைசிப் பந்து உருண்டு வந்தது ரீஸிடம்தான். யாங்கீஸிடம் தோற்ற 5 சீரீஸிலும் ஆடியவர் அவர். எடுத்து ஹாட்ஜஸுக்கு எறிந்தார். ஆட்டம் முடிந்தது. அடுத்த வருடம் வந்துவிட்டது.

புரூக்ளின் தெருக்களில் கார் ஹார்ன்கள் இரவு வரை ஓயவில்லை. ஒரே ஒரு குறை. அந்த ஊருக்கென்று 1841 முதல் வெளிவந்த ‘புரூக்ளின் ஈகிள்’ நாளிதழ் அதே 1955இன் தொடக்கத்தில் நின்றுபோயிருந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஊரின் கதையை எழுதிய பத்திரிகை, ஊரே காத்திருந்த தலைப்பை அச்சடிக்க இல்லை.

செங்கல்லும் ஒரு கல்லும்

பிராஸ்பெக்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடைதான். இன்று இந்தப் பகுதியில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அதிகம். கடலைக் கறியை ரொட்டியில் சுருட்டித் தரும் டிரினிடாட் கடையில் நின்று சாப்பிட்டோம். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களும் கப்பலேறிப் போன தீவு அது. சீரக வாசனையில் தெரிந்துவிடுகிறது.

பெட்ஃபோர்டு அவென்யூ. சலிவன் பிளேஸ். மக்கீவர் பிளேஸ். மாண்ட்கோமரி தெரு. இந்த நான்கு தெருக்களுக்கு நடுவில்தான் 1913இல் எபெட்ஸ் ஃபீல்டு எழுந்தது. அதற்கு முன் அந்த இடம் குப்பை மேடு. பன்றிகள் மேய்ந்ததால் சுற்றுவட்டாரத்துக்கே ‘பன்றியூர்’ என்று பெயர். அரங்கத்தின் நுழைவு மண்டபத்தில் பளிங்குத் தரை, பேஸ்பால் மட்டைகளும் பந்துகளுமாகச் செய்த சரவிளக்கு. உள்ளே சுமார் 32 ஆயிரம் இருக்கைகள். வலப்பக்கச் சுவர் 297 அடி தூரம்தான் என்பதால் ஹோம் ரன்கள் பெட்ஃபோர்டு அவென்யூவில் போய் விழும். ஸ்கோர் பலகையின் அடியில் ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரரின் விளம்பரம்: இதன் மேல் பந்தை அடித்தால் ஒரு சூட் இலவசம். அதற்கு முன்னால் கார்ல் ஃபுரில்லோ என்ற திறமையான ஆட்டக்காரர் நின்றதால் அவருக்குச் செலவு குறைவு. ஸ்டார்க் பின்னாளில் புரூக்ளின் வட்டாரத்தின் தலைவராகவே ஆகிவிட்டார்.

இன்று அங்கே நிற்பவை எபெட்ஸ் ஃபீல்டு அடுக்குமாடிகள். 1962இல் திறக்கப்பட்டன. 1,300க்கும் மேற்பட்ட வீடுகள். சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். எபெட்ஸ் ஃபீல்டு இருந்த இடம் இது என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான்.

கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அப்பாவின் கோல் கம்பம் நினைவுக்கு வந்தது. அக்காள் மகள் படம் எடுத்தாள். சந்தைக்குப் போய்விட்டுத் தள்ளுகூடையை இழுத்துக்கொண்டு வந்த மூதாட்டி ஒருவர் நின்று பார்த்தார்.

“ஆட்டக்காரர்களைத் தேடி வந்தீர்களா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“வருடம் முழுக்க யாராவது வருகிறார்கள். சிலர் அழுவார்கள். எல்லோரும் இந்தக் கல்லைத்தான் பார்க்கிறார்கள். ஒருவரும் நிமிர்ந்து மேலே பார்ப்பதில்லை. என் வீடு 14ஆவது மாடி. என் மகன் நடக்கப் பழகியது இங்கேதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூடையைப் படியேற்ற அக்காள் மகள் கைகொடுத்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். பால்கனி ஒன்றில் துணி காய்ந்தது. ஒரு சன்னலில் துளசி மாதிரி ஏதோ செடி. எங்கோ குழந்தை அழுதது.

போனவர்களும் வந்தவர்களும்

1955இன் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அரங்கம் பழையதாகிவிட்டது. கார் நிறுத்த 700 இடம்தான். ரசிகர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி அட்லாண்டிக் அவென்யூவில் புதிய அரங்கம் கட்ட நிலம் கேட்டார். நகரின் பெரும் திட்டங்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் சம்மதிக்கவில்லை. வெற்றிக்கு இரண்டு மாதம் முன்பே, அடுத்த ஆண்டு 7 ஆட்டங்களை ஜெர்சி சிட்டியில் ஆடப்போவதாக ஓமாலி அறிவித்திருந்தார்.

“எங்கள் ஜெர்சி சிட்டியிலா?” என்று அக்காள் மகள் ஆச்சரியப்பட்டாள். அந்த அரங்கத்தையும் 1985இல் இடித்துவிட்டார்கள். அங்கேயும் இப்போது வீடுகள்.

1957 செப்டம்பர் 24, எபெட்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டம். வந்தவர்கள் 6,702 பேர். நாம் மெர்டேக்கா முழக்கமிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. 1960 பிப்ரவரியில் அரங்கத்தை இடிக்க வந்த இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் மாதிரி வெள்ளையடித்துத் தையல்கோடு போட்டிருந்தார்கள்.

அதே ‘கியூ’ ரயிலில் கடைசி நிலையம்வரை போனால் கோனி ஐலண்டு கடற்கரை. அங்குள்ள சிறிய பேஸ்பால் அரங்கத்தின் வாசலில் ராபின்சனும் ரீஸும் நிற்கிற சிலை இருக்கிறது, 2005இல் வைத்தது. தெற்கத்தி வெள்ளையரான ரீஸின் கை ராபின்சனின் தோளில். எதிரணி ரசிகர்கள் ராபின்சனை ஏசியபோது ரீஸ் அப்படி வந்து நின்றதாகச் சொல்வார்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவர்களின் நட்பில் இல்லை. டாட்ஜர்ஸ் பட்டம் வென்ற இரண்டு மாதத்தில்தான் அலபாமாவில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதானார் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தக் கையின் கனம் தெரியும். பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் என்ன ஆயிற்று என்று தேடினேன். டாட்ஜர்ஸின் புதிய அரங்கம் எழுந்த சாவேஸ் ரவைன் என்ற குன்றுப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்திருந்தன. பொதுக் குடியிருப்பு கட்டுவதாகச் சொல்லி 1950களில் அவர்களை வெளியேற்றினார்கள். குடியிருப்பு வரவில்லை. மிஞ்சியவர்களை 1959 மே மாதம் வீட்டிலிருந்து தூக்கி வெளியே விட்டார்கள். அரங்கம் திறந்தது 1962. இங்கே திடல் வீடானது, அங்கே வீடு திடலானது, ஒரே வருடத்தில்.

கண்ணை மூடினால் அந்த மூதாட்டியின் 14ஆவது மாடி வந்தது. பிறகு என் வீடு வந்தது.

கிள்ளான் பக்கம் நான் வாங்கிய வீடு இருக்கும் தாமானும் ஒரு காலத்தில் தோட்டம்தான். விற்பனைத் தாளில் அதைப் படித்திருக்கிறேன், மறந்தும்விட்டேன். தாமான் மூலையில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். வீடுகள் வருவதற்கு முன்பே இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு எங்கிருந்தோ கார் காராக வருவார்கள். எங்கள் வாசலை மறித்து நிறுத்துவார்கள். குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு முறை நானே புகார் எழுதியிருக்கிறேன். அவர்கள் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த வருடத் திருவிழாவன்று காரை முந்தின நாளே தள்ளி நிறுத்திவிட்டேன். மனைவி வாசலில் ஒரு பெரிய கலத்தில் சிரப்புத் தண்ணீர் கலந்து வைத்தாள். வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு பெரியவர் குடித்துவிட்டு எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் வீடு எங்கே ஐயா இருந்தது?” என்று கேட்டேன்.

“லயம் அந்தப் பக்கம் தம்பி” என்று கோயிலுக்குப் பின்னால் கை காட்டினார். பிறகு என் வரவேற்பறையைப் பார்த்துச் சிரித்தார்.

“இது மாட்டுக் கொட்டாய்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் சொல்லத் தொடங்கினார்.